இடப்பக்கம் இழுக்கும் வண்டி

பானட் சூடாக இருக்கிறது. என் வீட்டுக்காரர் உள்ளங்கையை அதன்மேல் வைக்கிறார், எடுக்கிறார், மறுபடி வைக்கிறார், குழந்தைக்கு ஜுரம் பார்க்கிற மாதிரி. முகம் சுளிக்கிறது. நேற்றெல்லாம் எனக்கு இந்தப் பாடம்தான். வாங்கப்போகிற வண்டியை ஆறின எஞ்சினோடுதான் பார்க்கணும் வல்லி, காலையில முதல் தடவை ஸ்டார்ட் பண்ணும்போது வர்ற சத்தத்துலதான் அதோட வண்டவாளம் எல்லாம் வெளியில வரும், சூடேறின எஞ்சின் எல்லாத்தையும் மூடி மறைச்சிரும். அப்படிச் சொன்ன மனுஷன் இப்போது சூடான பானட்டில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார். "காலையிலயே எடுத்தீங்களா சார்?" என்று கேட்கிறார். வண்டிக்காரர் தாயுமானவன் நெற்றி நிறைய விபூதியோடு என்னைப் பார்த்துச் சிரிக்கிறார். "அம்மாதானே சார் போன்ல சொன்னாங்க, வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் வந்துரும், அதுக்குள்ள பார்த்து முடிச்சு அட்வான்ஸ் கொடுத்துரணும்னு. உங்களுக்கு லேட்டாகக் கூடாதேன்னு நானே கழுவி, பிள்ளையார் கோயில் வரைக்கும் ஓட்டிட்டுப் போயி பூசை போட்டுட்டு வந்துட்டேன். எலுமிச்சம்பழம்கூட ஏத்தியாச்சு." என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார். நான்தான் போன் செய்தேன், நான்தான் கெடுத்தேன். விற்கிறவரே எலுமிச்சம்பழம் ஏற்றிக் கொடுக்கிற ஊர் எங்கள் திருச்சியைத் தவிர வேறு இருக்குமா தெரியவில்லை. சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. பானட் சூடு என்று சொல்லி இப்படியே திரும்பிப் போய்விட்டால் நன்றாக இருக்கும் என்றுதான் தோன்றியது. அவர் ஓட்ட வேண்டாம். கடவுளே, இன்றைக்கு அவர் ஓட்ட வேண்டாம். ஆனால் அவர் சாவியை வாங்கிக்கொண்டார்.

வண்டியைச் சுற்றி வருகிறார். குனிந்து டயரின் உட்பக்கம் விரல் விட்டுத் தடவுகிறார், ஒரே சீராகத் தேய்ந்திருக்கிறதா என்று. நேற்று வண்டி நின்ற இடத்தில் தரையில் எண்ணெய்ச் சொட்டு இருக்கிறதா என்று பார்க்கிறார். கைக்குட்டையைச் சைலன்சரின் வாயில் சுற்றி எடுத்து வெளிச்சத்தில் பிடிக்கிறார். முப்பது வருஷம் உரக் கம்பெனி ஜீப்பில் பெரம்பலூர், அரியலூர், புதுக்கோட்டை என்று சுற்றியவர், ஒரு கீறல் கிடையாது, ரிட்டயர் ஆகி ஜீப்பைத் திருப்பிக் கொடுத்த அன்றைக்கு மேனேஜரே அதைச் சொல்லிச் சால்வை போட்டார். வேதரத்தினம் சார் தொட்ட வண்டி என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பேர். கண்ணை மூடிக்கொண்டு. சனியன், எதை நினைத்தாலும் அங்கேதான் வந்து நிற்கிறது. இப்போது வலப்பக்கம் முடித்துப் பின்பக்கம் வந்து இடப்பக்கம் திரும்புகிறார், அங்கே ஒரு குரோட்டன்ஸ் தொட்டி இருக்கிறது, நான் பார்த்துவிட்டேன், இடுப்பு உயரத் தொட்டி, சின்னதும் இல்லை, அவர் பார்க்கவில்லை, தொடை இடித்தது, தொட்டி ஆடி நின்றது. "இங்க எதுக்கு சார் தொட்டியை வெச்சிருக்கீங்க" என்கிறார், தொட்டியின் தப்பு மாதிரி. காலையில் இந்த வீட்டுக் கேட் படியில் இறங்கும்போதும் அப்படித்தான், படி இருப்பதே தெரியாமல் காலை வைத்துத் தடுமாறினார், செருப்பின் மேல் பழி போட்டார். மூன்று மாதமாக எங்கள் வீட்டில் எல்லாப் பொருள்களும் தப்பு செய்கின்றன. கதவு நிலை அவர் தோளை இடிக்கிறது. டம்ளர் தானாகக் கவிழ்கிறது. எனக்கு முதலில் உறைத்தது இலையில். மருமகப்பிள்ளையின் தங்கை கல்யாணத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "ஏன், ஊறுகாய் வைக்கலையா?" என்று பரிமாறுகிறவனைக் கேட்டார். அவன் இலையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். இலையின் இடது கோடியில் உப்பும் மாங்காய் ஊறுகாயும் வைத்தபடி இருந்தன. ஊறுகாய்க்கு உயிரை விடுகிற மனுஷன். நான் என் இலையை ஒதுக்குகிற மாதிரி அவர் இலையை லேசாக வலப்பக்கம் நகர்த்தினேன். "இதோ இருக்கே" என்று தொட்டுக்கொண்டார். அதற்கப்புறம் நான் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன், இவர் வண்டியைச் சோதிக்கிற மாதிரி, ஒவ்வொன்றாக. இடப்பக்கம் பேப்பரை வைப்பேன், தேடுவார். இடப்பக்கம் சத்தமில்லாமல் போய் நிற்பேன், டிவியைப் பார்த்தபடியே "வல்லி" என்று சமையல்கட்டைப் பார்த்துக் கூப்பிடுவார். நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றிருப்பேன். அந்தப் பக்கமிருந்து நாக்கைத் துருத்தினாலும் தெரியாது போலிருக்கிறது என்று ஒருநாள் துருத்தியும் பார்த்தேன், பிறகு குளியலறையில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

கேட்டிருக்கலாம். எத்தனை தடவை வாய் வரைக்கும் வந்தது. ஏங்க, இடது கண்ணு தெரியலையா? ஒரே வரி. அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவருடைய அப்பாவுக்கு அப்படித்தான் ஒரு கண்ணில் ஆரம்பித்து இரண்டும் போனது. வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் போகிற பாதையில் அப்பாவின் கை தன் தோளில் இருக்க, இவர் முன்னால் நடப்பாராம், எட்டாம் வகுப்பில். விளையாடப் போன பிள்ளைகள் வழியில் நின்று பார்ப்பார்களாம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார், அதற்குப் பிறகு அந்தப் பேச்சே இல்லை. ஆனால் சொன்னபோது ஒரு வார்த்தை சொன்னார், எனக்கு அப்படி ஒரு நிலைமை வந்தா நான் யார் தோள்லயும் கை வைக்க மாட்டேன் வல்லி, இருக்க மாட்டேன். இருக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று நான் அப்போதும் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரோ என்று பயம். இப்போதும் அதே பயம்தான். கண் டாக்டரிடம் போகலாம் என்றால் கண்ணாடி பழசாயிருச்சு, மாத்தணும், பார்க்கலாம் என்கிறார். இதற்கு நடுவில் தேன்மொழி. எங்களுக்கு ஒரே பிள்ளை. ஏழாம் மாதம் நடக்கிறது, திண்டுக்கல்லில் மாமியார் வீட்டில் இருக்கிறாள், வளைகாப்பு முடிந்து அன்றைக்கே தாய் வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். சம்பந்தி வீட்டுக் கூடத்தில் அத்தனை பேர் முன்னால் இவர் சொல்லிவிட்டார், "என் பொண்ணை வாடகைக் கார்ல கூட்டிட்டுப் போக மாட்டேன். என் சொந்தக் கார்ல, நானே ஓட்டிட்டுப் போவேன்." சம்பந்தி தலையாட்டினார். தேன்மொழி முகத்தில் பெருமை வழிந்தது. நான் பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். திண்டுக்கல் ரோடு, நாலு வழிச் சாலை, லாரிகள், இடப்பக்கம் முந்துகிற பஸ்கள், பின் சீட்டில் கை நிறைய வளையலோடு என் பிள்ளை, அவள் வயிற்றுக்குள் ஒன்று. அதை நினைத்தாலே எனக்கு உள்ளங்கால் வேர்க்கிறது. இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று சாமி விளக்கு முன்னால் நின்று முடிவு செய்துகொண்டுதான் வந்தேன். இன்றைக்கு ஓட்டும்போது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை தப்பினால் சொல்லிவிடுவது. தொட்டி கணக்கில் வராது, அது வண்டிக்கு வெளியே. படியும் வராது.

"நீ முன்னாடி உட்காரு" என்றார். தாயுமானவன் பின்னால் ஏறிக்கொண்டார். நம் ஊரில் ஓட்டுகிறவருக்கு இடப்பக்கம்தான் பக்கத்து சீட், ஆக நான் உட்கார்ந்த இடம் அவருக்கு இல்லாத இடம். அங்கே உட்கார்ந்து நான் கண்ணை மூடலாம், உதட்டைக் கடிக்கலாம், கதவுக்கு மேலே இருக்கிற பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளலாம், அவருக்குத் தெரியாது. மூன்றையும் செய்தேன். தாயுமானவன் கையை நீட்டி முருகன் பாட்டு போட்டார். "அதை நிறுத்துங்க சார், ஏசியையும் நிறுத்துங்க, சத்தம் கேட்கணும்" என்றார் இவர். எல்லாம் நின்றது. எஞ்சின் மட்டும் உறுமியது. தலையைச் சாய்த்துக் கேட்கிறார், அந்தச் சாய்ப்பு முன்பெல்லாம் இல்லை, வலது கண்ணை நடுவுக்குக் கொண்டுவருகிற சாய்ப்பு, தாயுமானவன் பார்த்தால் எஞ்சினை உற்றுக் கேட்கிறார் என்றுதான் நினைப்பார். கிளட்சை மெதுவாக விட்டார். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் கிளம்பியது. நல்ல வண்டி என்று எனக்கே தெரிந்தது, அதுதான் பயமாக இருந்தது. வயலூர் ரோட்டுக்கு வந்தோம். வெள்ளிக்கிழமைக் கூட்டம், முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள், ஷேர் ஆட்டோ, கல்லூரி பஸ், கடை வாசல் மணல். இடப்பக்கம் ஒரு தள்ளுவண்டி ரோட்டுக்குப் பாதி வெளியே நிற்கிறது, வண்டி நேராக அதை நோக்கித்தான் போகிறது. "ஏங்க, அங்க கொய்யாப்பழம் நல்லா இருக்கும் போல" என்றேன். தலையைத் திருப்பினார், பார்த்தார், ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தார். "வரும்போது வாங்கிக்கலாம்" என்றார். இதுதான் என் வழி. மூன்று மாதமாக இதில் எனக்கு நல்ல பழக்கம். ரோட்டில் நடக்கும்போது இடப்பக்கம் மாடு வந்தால், ஏங்க அந்தக் கடையில புளி இருக்கான்னு பாருங்க. பள்ளம் வந்தால், ஏங்க இந்தப் புடவைக் கடை எப்ப திறந்தாங்க. அவரும் திரும்பிப் பார்ப்பார், நகர்ந்துகொள்வார், உனக்கு எப்பப் பாரு கடைதான் என்று சலித்துக்கொள்வார். மரியாதை கெடாமல் காரியம் நடந்துவிடும். அவருடைய இடப்பக்கமாகவே நடக்கவும் பழகிவிட்டேன். "அந்தம்மா மல்லி நல்லா கட்டியிருக்காங்க பாருங்க," இது நின்றுகொண்டிருந்த மினி லாரிக்கு. "பேக்கரி புதுசா இருக்கே," இது கதவைத் திறந்தபடி நின்ற ஆட்டோவுக்கு. தாயுமானவன் பின்னாலிருந்து சிரித்தார். "அம்மா கடைத்தெருவையே வாங்கிட்டுத்தான் வருவாங்க போல." அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். ரவிக்கை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஒரு தடவை தப்பினால் சொல்வதென்று முடிவு, ஆனால் நான்தான் தப்ப விடுவதில்லையே, முன்னாலேயே சொல்லி விடுகிறேனே, அப்புறம் எப்படிச் சோதனை ஆகும்? கொய்யாப்பழம் கணக்கா இல்லையா? அப்படி மனசு கேட்கிறது. கேட்டுக்கொண்டே இருக்கட்டும், இந்த ரோட்டைத் தாண்டட்டும். திண்டுக்கல் ரோட்டில் நூறு கிலோமீட்டருக்கு நான் எத்தனை கொய்யாப்பழம் சொல்வேன்?

ஊரைத் தாண்டியதும் ரோடு காலியானது, இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். இங்கேதான் எல்லாம் பார்க்க வேண்டும் என்று ஸ்பீடைக் கூட்டினார். மூன்றாவது கியர், நான்காவது. வேகத்தடையில் மெதுவாக ஏற்றி இறக்கி, கீழே ஏதாவது லொடலொடக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டார். இல்லை. "சஸ்பென்ஷன் நல்லா இருக்கு" என்றார் தாயுமானவனிடம், ஒரு பழைய குரலில், ஜீப்பு நாட்களின் குரல். எவ்வளவு நாளாயிற்று இந்தக் குரலைக் கேட்டு. எனக்கு நெஞ்சு இளகியது. ஒருவேளை நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ, வயசானால் யாருக்குத்தான் தொட்டி இடிக்காது, இவ்வளவு அழகாக ஓட்டுகிற மனுஷனைப் போய், என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அவளைப் பார்த்தேன். தூரத்தில், இடப்பக்கம், வாழைத்தோட்டத்து வரப்பிலிருந்து ஒரு பெண்பிள்ளை சைக்கிளை ரோட்டில் ஏற்றுகிறாள். கேரியரில் மாவு மில் டின். ஒரு கையால் பின்னால் டின்னைப் பிடித்துக்கொண்டு ஒரு கையால் ஓட்டுகிறாள், ஆட்டி ஆட்டி. வண்டி இடப்பக்கமாகவே ஒதுங்கிப் போகிறது, தெரியாத பக்கத்துக்கே போகிறது, அவர் நேரே பார்க்கிறார், முகம் அமைதியாக இருக்கிறது, அவருக்குத் தெரிகிற ரோட்டில் சைக்கிள் இல்லை. இருக்கிறது. சொல். என்ன சொல்வது? கடை இல்லை. நான் தேடுகிறேன், கடவுளே, வாழைமரம்தான் இருக்கிறது, ஒரு டீக்கடைகூட இல்லை, ஏங்க வாழைத்தார், வாழைத்தாரு பாருங்க என்று சொல்லலாமா, வாழைத்தாரைப் பார்க்கத் திரும்புவாரா, வாழைத்தார் இரண்டு பக்கமும் இருக்கிறதே, வலப்பக்கம் பார்த்துவிட்டால்? அவளுடைய தாவணி தெரிகிறது, பச்சை. பின்னால் முன்பின் தெரியாத ஆள் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் எப்படி? டின்னில் வெள்ளையாக மாவு வழிந்திருக்கிறது, அதுகூடத் தெரிகிறது எனக்கு, அவ்வளவு பக்கம், நான் இன்னும் கடை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒரு உயிரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு என் புருஷன் மரியாதைக்கு வார்த்தை தேடுகிறேன். என் கால் தானாகத் தரையை மிதித்தது, எனக்கு பிரேக்கே இல்லாத தரையை. "இடது பக்கம் ஆளு" என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. அவர் மிதித்தார். டயர் கிரீச்சிட்டு வண்டி நின்றது, தாயுமானவன் முன் சீட்டில் வந்து மோதினார். சைக்கிள் என் ஜன்னலுக்கு வெளியே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில். அவள் ஒற்றைக் காலை ஊன்றி நின்று எங்களைப் பார்த்தாள், டின்னைத் தடவிப் பார்த்துக்கொண்டாள், பிறகு ஒன்றும் சொல்லாமல் மிதித்துக்கொண்டு போனாள். பதினாறு பதினேழு வயசு இருக்கும்.

எஞ்சின் சத்தம் மட்டும். பிறகு அவர் சொன்னார், "பிரேக் நல்லா பிடிக்குது." எனக்கு ஓங்கி ஒரு அறை விட வேண்டும் போலிருந்தது, அவரையா என்னையா தெரியவில்லை. அவருடைய கை ஸ்டியரிங்கின் மேலேயே இருந்தது, நகம் எல்லாம் வெளுத்திருந்தது. வண்டியைத் திருப்பினார். வந்த வழியெல்லாம் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார், நான் ஒரு கடையும் சொல்லவில்லை, அவரே ஒவ்வொன்றுக்கும் தலையை முழுசாக இடப்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டார். தாயுமானவனின் வீட்டு வாசலில் நிறுத்தி, இவர் எஞ்சினை அணைத்துவிட்டு, "எல்லாம் சரி சார். ஆனா வண்டி இடப்பக்கம் இழுக்குது" என்றார். "இழுக்காதே சார்" என்றார் தாயுமானவன். "இழுக்குது. இப்பப் பார்த்தீங்கல்ல. இது எங்களுக்கு வேண்டாம் சார்." அப்போதுதான் எனக்கு உறைத்தது. இதற்கு முன்னால் பார்த்த வண்டிகள். உறையூரில் பார்த்தது கிளட்ச் சரியில்லை. பொன்மலையில் பார்த்தது எஞ்சினில் ஏதோ சத்தம். கருமண்டபத்தில் பார்த்தது காரணமே சொல்லவில்லை, பிடிக்கவில்லை என்றார். ஒவ்வொரு தடவையும் தனியாக ஒரு சுற்று போய்விட்டு வந்தார், ஒவ்வொரு தடவையும் சட்டை நனைந்து வந்தார், நான் வெயில் என்று நினைத்தேன். இன்றைக்குத்தான் நானும் வருகிறேன் என்று அடம்பிடித்து ஏறினேன். அவருக்குத் தெரியும். நான் ஒளித்து வைத்ததை அவரும் ஒளித்து வைத்திருக்கிறார். வண்டியைச் சோதிக்கவா போனார்? ஒவ்வொரு வண்டியிலும் ஏறித் தன்னைத்தான் சோதித்திருக்கிறார், இந்த வண்டியிலாவது தெரிகிறதா, இந்த ரோட்டிலாவது தெரிகிறதா என்று, தெரியவில்லை என்றதும் பழியை வண்டி மேல் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து என்னிடம் சோறு கேட்டிருக்கிறார். தனியாக. அந்தப் பயத்தோடு தனியாக. நான் இந்தப் பக்கம் பயந்துகொண்டிருந்தேன், அவர் அந்தப் பக்கம், நடுவில் ஒரு தலையணை.

தாயுமானவனுக்கு முகம் வாடிவிட்டது. "கனடா போற வரைக்கும் என் பையன் ஓட்டின வண்டி சார். ஒரு குறை சொல்ல முடியாது. நீங்க ஏறுங்க, நான் ஓட்டிக் காட்டறேன். அப்புறம் வேண்டாம்னா வேண்டாம்." அவர் மறுக்கவில்லை. இப்போது என் இடத்தில் அவர் உட்கார்ந்தார், நான் பின்னால். பின்னாலிருந்து அவர் கழுத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன், சவரத்தில் விட்டுப்போன நரைமுடிகள், இடது காதுக்குக் கீழேதான் நிறைய விட்டுப்போயிருந்தன. வாழைத்தோட்டத்து ரோட்டில் தாயுமானவன் ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வண்டி நூல் பிடித்த மாதிரி போனது. போய்க்கொண்டே இருந்தது. எனக்கு அது கோணலாக ஒரு அங்குலமாவது போகாதா என்று இருந்தது. போகவில்லை. அவர் அந்த ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார், வாழ்நாளில் பார்க்காத ஏதோ ஒன்றைப் பார்ப்பதுபோல. "பார்த்தீங்களா சார்?" என்றார் தாயுமானவன். வாசலில் வந்து நிறுத்திவிட்டுத் தாயுமானவன் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை, வருத்தம்தான். "நீங்களாவது சொல்லுங்கம்மா. இழுக்குதா?" ஆமாம் என்று சொன்னால் முடிந்தது. ஆமாங்க, கொஞ்சம் இழுக்கத்தான் செய்யுது. இன்னொரு வண்டி பார்க்கலாம், அதையும் வேண்டாம் என்போம், வளைகாப்பு வந்துவிடும், வாடகைக் கார் வைத்துக்கொள்வோம், வீட்டில் கதவு நிலையைத் திட்டிக்கொண்டு, நான் கடை காட்டிக்கொண்டு, வலது கண்ணும் போகும் வரைக்கும். பத்தரை ஆகியிருக்கும், ராகு காலம் வந்திருக்கும், எதையும் ஆரம்பிக்கக் கூடாத நேரம். அவருடைய கழுத்து அசையாமல் இருந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார், நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவரும் பயந்துகொண்டிருந்தார். "இல்லைங்க" என்றேன். "வண்டி நேராத்தான் போகுது."

ஒரு மூச்சு விட்டார். எவ்வளவு நாளாகப் பிடித்து வைத்திருந்தாரோ. "ஆமா சார்" என்றார். "வண்டி மேல தப்பில்லை. எனக்குத்தான் அந்தப் பக்கம் தெரியலை." தாயுமானவன் முதலில் புரியாமல் பார்த்தார், பிறகு சைக்கிள் ஞாபகம் வந்திருக்க வேண்டும், கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "வண்டியை வேற யாருக்கும் கொடுத்துராதீங்க. எங்களுக்குத்தான். ஓட்டறதுக்கு ஒரு ஆள் பார்த்துக்கறோம்" என்றார் அவர். ஆஸ்பத்திரி, டாக்டர் என்ன சொல்வார், அவருடைய அப்பாவுக்குப் போனது மாதிரி இதுவும் போகுமா, இருக்க மாட்டேன் என்று சொன்னது இன்னும் அவர் மனசில் இருக்கிறதா, எல்லாப் பயமும் எனக்கு அப்படியே இருந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை. இறங்கினோம். உள்ளே போகக் கேட்டை நோக்கி நடந்தார், நான் வழக்கம்போல அவருடைய இடப்பக்கம். "இங்கதானே இருக்கே?" என்றார், நேரே பார்த்துக்கொண்டு. "இங்கதான்." "தெரியும். மூணு மாசமா அந்தப் பக்கந்தானே வர்றே." அவருடைய இடது கை தயங்கித் தயங்கி மேலே வந்து, கொஞ்சம் தேடி, என் தோளில் உட்கார்ந்தது. கனமான கை, ஈரமாக இருந்தது. கேட்டுக்கு முன்னால் அந்தப் படி வந்தது. கொய்யாப்பழம், மல்லிகைப்பூ, புடவைக் கடை என்று நான் எதையும் தேடவில்லை. "படி இருக்குங்க" என்றேன். சரி என்று காலைப் பார்த்து வைத்து இறங்கினார்.